ஜார்ஜ்டவுன் லூப்: இரண்டு மைலுக்கு நாலு மைல் சுற்றும் ரயில்

டென்வரிலிருந்து ஐ-70 நெடுஞ்சாலையில் மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் ஜார்ஜ்டவுன் வந்துவிடும். கொலராடோ மாநிலத்தின் கிளியர் கிரீக் கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்றது) இதுதான் தலைமையிடம். வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே ‘ஜார்ஜ்டவுன் லூப்’ என்ற மலை ரயிலில் ஏறி, உயரமான பாலத்தில் படமெடுத்துக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிப் போய்விடுகிறார்கள். இந்தப் பாதை ஏன் தன்னையே சுற்றிக்கொண்டு ஏறுகிறது என்று தெரிந்து ஏறினால் அந்தப் பயணமே வேறு. அதற்கு, வழியில் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டுப் போக வேண்டும்.

சிக்காகோ கிரீக் என்ற சிற்றோடை கிளியர் கிரீக் ஆற்றில் வந்து விழும் இடத்தில் ஒரு கல் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1859 ஜனவரியில் ஜார்ஜ் ஜாக்சன் பொன் கண்ட இடம் அது. நடுக்குளிர்காலம். ஆற்றுமணல் பாறைபோல் உறைந்து கிடந்தது. மணல்மேட்டில் நெருப்பு மூட்டி, பனி இளகியதும் வேட்டைக்கத்தியால் தோண்டி, தண்ணீர் குடிக்கும் கோப்பையில் அலசித்தான் அவர் தங்கத் துகளைப் பார்த்தார். அந்த வசந்தத்திலேயே கூட்டம் திரண்டது. 1861-ல் கொலராடோ பிரதேசத்தின் முதல் 17 கவுண்டிகளில் ஒன்றாக கிளியர் கிரீக் உருவானது.

ஆனால் இந்தப் பள்ளத்தாக்கை வாழவைத்தது தங்கத்தைவிட வெள்ளிதான். 1864-ல் ஜார்ஜ்டவுனுக்கு மேலே ஆர்ஜென்டைன் பகுதியில் வெள்ளி கிடைத்தது. சிக்கலும் கூடவே வந்தது. ஆற்றுத் தங்கத்தைத் தண்ணீரில் அலசினால் போதும், கனம் தாங்காமல் அடியில் தங்கிவிடும். இங்குள்ள வெள்ளி ஈயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு பிணைந்த தாதுவுக்குள் ஒளிந்திருக்கிறது. உருக்காமல் பிரியாது. பக்கத்து கில்பின் கவுண்டியின் பிளாக் ஹாக்கில் நதானியேல் ஹில் 1868-ல் உருக்காலையை ஓடவிட்டபோதுகூட, அங்கே பாதி வேலைதான் நடந்தது. உருக்கிக் கிடைத்த கட்டியைக் கடல் தாண்டி வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சீக்கு அனுப்பித்தான் உலோகத்தைப் பிரித்தார்கள்.

ஆகவே இங்கே ஒரு கல்லின் மதிப்பை அதிலுள்ள வெள்ளி மட்டும் தீர்மானிக்கவில்லை. வண்டிக்கூலியும் உருக்குகூலியும் போக என்ன மிஞ்சும் என்பதே கேள்வி. சுரங்க வாயிலில் உட்கார்ந்து சுத்தியலால் உடைத்து, கையால் பொறுக்கி, செறிவான தாதுவை மட்டும் மூட்டை கட்டினார்கள். சுமாரான தாது வாயிலிலேயே குவிந்தது. கோவேறு கழுதை வண்டிக்குக் கட்டுப்படியாகாத அந்தக் குவியலைக் காசாக்க ரயிலால்தான் முடியும்.

கொலராடோ சென்ட்ரல் ரயில்பாதை கோல்டன் நகரிலிருந்து ஆற்றின் ஓரமாகவே ஏறி 1872 டிசம்பரில் பிளாக் ஹாக்கை எட்டியது. 1873-ன் நிதி நெருக்கடி வேலையை முடக்கிப்போட, ஜார்ஜ்டவுனுக்கு ரயில் வந்து சேர 1877 ஆகிவிட்டது. பாதையின் அகலம் 3 அடிதான் (914 மி.மீ.). அகலம் குறைந்தால் வளைவை இறுக்கமாகப் போடலாம், வெடிவைத்துத் தகர்க்க வேண்டிய பாறையும் குறையும். இந்தப் பள்ளத்தாக்கில் வேறு எதுவும் கட்டுப்படியாகியிருக்காது.

அடுத்த ஊரான சில்வர் பிளூம் இரண்டே மைல் தொலைவு. ஆனால் 600 அடிக்கு மேல் உயரம். நேராகப் போட்டால் 6 சதவீத ஏற்றம். ஒவ்வொரு 1,000 கிலோ எடையையும் சரிவு சுமார் 60 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும் என்று அர்த்தம். எஃகுச் சக்கரத்துக்கு எஃகுத் தண்டவாளத்தில் பிடிமானம் குறைவு. பனியோ ஈரமோ படிந்தால் இன்னும் மோசம். எஞ்சின் தன்னை ஏற்றிக்கொள்ளவே திணறும், பின்னால் சரக்குப் பெட்டி எங்கே கட்டுவது? அதனால் ஏற்றத்தைக் குறைக்கப் பாதையை நீட்டினார்கள். இரண்டு மைல், நாலு மைலுக்கும் மேலானது. சராசரி ஏற்றம் 3 சதவீதத்துக்குப் பக்கம் வந்தது, மிகச் செங்குத்தான இடத்திலும் 4-ஐத் தாண்டவில்லை. ஆற்றை நான்கு இடங்களில் தாண்டி, குதிரைலாட வளைவுகளில் திரும்பி, டெவில்ஸ் கேட் பாலத்தில் பாதை தன் தலைக்கு மேல் தானே கடந்து போகிறது.

அந்தப் பாலம் 300 அடி நீளம், ஆற்றிலிருந்து ஏறத்தாழ 95 அடி உயரம். முதல் முறை கட்டியபோது தவறாகிவிட்டது. வடக்கு முனைக்கான இரும்புத் தூண்களைத் தெற்கிலும், தெற்குத் தூண்களை வடக்கிலும் நட்டுவிட்டார்கள். பாலத்தின் மேலேயும் பாதை ஏறிக்கொண்டே போவதால் இரு முனைத் தூண்களும் ஒரே நீளம் அல்ல. இடம் மாறினால் சரிவுக்கணக்கே பாழ். இரும்புத் துண்டுகளை ஆணியால் இணைக்கும் ரிவெட் வேலையும் தரமாக இல்லை. 1883 இறுதியில் சோதித்த ரயில்வே பொறியாளர் ஏற்க மறுத்துவிட்டார். பிரித்து மறுபடி கட்டி, 1884-ல்தான் சில்வர் பிளூமுக்கு ரயில் போனது. பாலத்தைப் பார்க்கும்போது தூண்களின் உயரம் எப்படி மாறிக்கொண்டே போகிறது என்று கவனியுங்கள். அந்தத் தவறு எவ்வளவு பெரியது என்று தானாகப் புரியும்.

இத்தனை பாடுபட்டுக் கட்டியது வெள்ளி கொழித்த லெட்வில் வரை போவதற்காக. அதற்குள் வேறு பாதைகள் லெட்வில்லை எட்டிவிட்டன. இது சில்வர் பிளூமுக்குச் சில மைல் மேலே கிரேமான்ட்டிலேயே நின்றுபோனது.

1893-ல் விழுந்த அடிக்கு நம் நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. அதுவரை வெள்ளி கொண்டுவந்து கொடுத்தால் கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள் ரூபாயாக அடித்துத் தரும். அந்த ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. நான்கே நாளில் வெள்ளி அவுன்ஸ் 83 சென்டிலிருந்து 62 சென்டுக்குச் சரிந்தது. நவம்பரில் அமெரிக்க அரசும் வெள்ளி வாங்கும் சட்டத்தை ரத்து செய்தது. வண்டிக்கூலி போக மிஞ்சுவதை வைத்துப் பிழைத்த ஊர்கள் தாங்குமா? சுரங்கங்கள் வரிசையாக மூடின. பின்னர் இந்த ரயில் டென்வர் சுற்றுலாப் பயணிகளை நம்பி ஓடியது. 1939-ல் பாதையைக் கைவிட்டார்கள். பாலம் பழைய இரும்பாக வெறும் 450 டாலருக்குப் போனது. இன்று நிற்பது 1984-ல் அதே இடத்தில் திரும்பக் கட்டியது.

ரயில் டிக்கெட்டோடு லெபனான் வெள்ளிச் சுரங்கச் சுற்றையும் சேர்த்து வாங்குங்கள். ரயிலில் போனால்தான் அங்கே இறங்க முடியும். உள்ளே கோடையிலும் சுமார் 7 டிகிரி செல்சியஸ், ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். ஜார்ஜ்டவுன் 8,500 அடி, சில்வர் பிளூம் 9,100 அடி உயரம். டென்வரில் ஒரு இரவாவது தங்கிவிட்டு, தண்ணீர் நிறையக் குடித்துக்கொண்டு ஏறினால் தலைவலி குறையும். மலைச்சரிவில் மஞ்சளும் சாம்பலுமாகத் தெரியும் கல்மேடுகளைப் பாதையிலிருந்தே பாருங்கள். அவற்றின் உச்சியில் பழைய சுரங்க வாய் இருக்கலாம். உள்ளே மரத்தாங்கிகள் உளுத்திருக்கும், காற்றில் உயிர்வாயு குறைந்திருக்கும். ஓரடிகூட வைக்கக்கூடாது.