ஆச்சி, ஆஜி, ஆயி

என் மாமியாருக்கு வயது 82. காக்காய்க்கு ஒரு கவளம் சோறு வைக்காமல் அவர்கள் வாயில் பருக்கை இறங்காது. திருநெல்வேலியில் மச்சில் வைத்த சோறு, இங்கே மும்பையில், சயான் கோலிவாடாவில் இரண்டாம் மாடி ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு தகரத் தட்டில். போன செவ்வாய்க்கிழமை பதினோரு மணி வாக்கில் வழக்கம்போல வைத்தார்கள். காக்கா வந்து தின்றுவிட்டுப் போனது. என் பேத்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்துக் குதித்துக் கத்தினாள்: "காக்கா ஜேவ்லா! காக்கா ஜேவ்லா!"

காக்கா சாப்பிட்டாச்சு என்கிறாள். முதல் சொல் தமிழ், இரண்டாவது மராத்தி. சிக்கல் என்னவென்றால் மராத்தியில் 'காக்கா' என்றால் சித்தப்பா. எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் எல்லாரும் 'காக்கா' என்று கூப்பிடும் பெரியவர் ஒருவர் கீழே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்த்து, "அஜூன் நாஹி பாளா" என்றார். இன்னும் சாப்பிடவில்லையாம், பாவம். மாமியாருக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணி. அன்றைக்கு அவருக்கும் ஒரு கிண்ணம் சொதி கொடுத்தனுப்பினோம்.

எங்கள் வீட்டில் தினமும் இதே கதைதான். மகன் தமிழ். மருமகள் மராத்தி, சாதாரா பக்கம். கல்யாணம் 2019-இல். பேத்திக்கு இப்போது மூன்றரை வயது. அவள் பேசுவது என்ன பாஷை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பாணி நகோ, மோர் தா" என்பாள். தண்ணி வேண்டாம், மோர் தா. இதில் 'தா' யாருடையது? தமிழில் தா, மராத்தியில் 'தே'. அப்போ நம்முடையதுதான். இப்படி நான் ஒவ்வொரு சொல்லாக எண்ணிக்கொண்டிருப்பேன், அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி.

இந்தக் கோளாறு அவளோடு தொடங்கியதும் இல்லை. 1988-இல் கல்யாணமாகி, நெல்லை எக்ஸ்பிரஸில் மெட்ராஸ், அங்கிருந்து தாதர் எக்ஸ்பிரஸ் என்று வந்து இறங்கியபோது எனக்கு இருபது வயது. அவுக மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மண்டியில் கணக்கு எழுதினார்கள். காலையில் ரயிலேறிப் போனால் இருட்டித்தான் வருவார்கள். (எங்கள் ஸ்டேஷன் பெயர் குரு தேக் பகதூர் நகர். நாங்கள் இன்னும் கோலிவாடா என்றுதான் சொல்கிறோம்.) வந்த நாலாம் நாள், மாமியார் பையைக் கொடுத்து மார்க்கெட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு காய்காரம்மா என்னைப் பார்த்து, "காய் பாயிஜே?" என்று கேட்டாள். எனக்கு ஒரே சந்தோஷம். 'காய்' என்கிறாளே, நம்ம ஊர்ப் பொம்பளை! "ஆமாக்கா, காய்தான் வேணும், எந்த ஊருக்கா நீங்க?" என்று மளமளவென்று பேச ஆரம்பித்துவிட்டேன். அவள் திருதிருவென்று முழித்தாள். மராத்தியில் 'காய்' என்றால் 'என்ன' என்று பொருள். என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கத்திரிக்காயைக் காட்டினேன். "வாங்கி?" என்றாள். இன்னும் வாங்கவில்லை தாயே, இப்போதுதானே கேட்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கத்திரிக்காய்க்கே மராத்தியில் வாங்கி என்றுதான் பெயர். அரைக் கிலோ வாங்கி வாங்கி வந்த கதையை அவுக இருபது வருஷம் எல்லாரிடமும் சொன்னார்கள்.

மருமகள் வந்த புதிதில் நடந்ததுதான் இன்னும் மோசம். அவர்கள் வழக்கத்தில் மாமியாரை 'ஆயி' என்று கூப்பிடுவார்கள், அம்மா என்று அர்த்தம். நல்ல வழக்கம்தான். கல்யாணம் முடிந்த மறுவாரம் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் கூடம் முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள். இவள் புடவை கட்டி, பூ வைத்து, அடுப்படி வாசலில் நின்று கணீரென்று, "ஆயி! சஹா?" என்றாள். டீ வேண்டுமா என்று கேட்கிறாள். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகள் எதற்கு ஆயி என்று சொல்லும் என்பது உங்களுக்கே தெரியும். கொழுந்தன் பிள்ளைகள் இரண்டும் பாயில் உருண்டு சிரித்தன. பெரியவர்கள் சிரிப்பை அடக்கி வேட்டி நுனியால் வாயைத் துடைத்துக்கொண்டார்கள். நான் மட்டும், "ஆமாம்மா, போடு" என்றேன்.

ராத்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. பிறகு அவளே சிரித்துவிட்டாள். அப்போ எப்படிக் கூப்பிட என்று கேட்டாள். அத்தை என்று சொல் என்றேன். மராத்தியில் 'ஆத்யா' என்றால் அப்பாவின் கூடப்பிறந்தவள், நீங்கள் எப்படி எனக்கு ஆத்யா ஆவீர்கள் என்று கேட்டாள். கேள்வி சரிதான். அத்தை மகனைக் கட்டுகிற ஊரில் அத்தையும் மாமியாரும் ஒரே ஆள், அதனால் ஒரே பெயர் என்று சொல்லிப் புரியவைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். ஊர்க்காரர் இருக்கும்போது அத்தை, மற்ற நேரம் ஆயி என்று முடிவு செய்தாள். ஐந்து வருஷமாக அப்படியே ஓடுகிறது. எனக்கும் பழகிவிட்டது. பக்கத்து வீட்டில் யாராவது 'ஆயி' என்று கூப்பிட்டால்கூட இப்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

இதற்கெல்லாம் நடுவில் வீட்டு வேலை. எங்கள் பழைய கட்டடத்தில் காலை நாலரைக்குத் தண்ணீர் வரும், ஆறரைக்கு நிற்கும். அதற்குள் இரண்டு ட்ரம், மச்சுத் தொட்டி, குடிதண்ணி அண்டா எல்லாம் நிறைய வேண்டும். ஆறு பேருக்கு வேண்டிய தண்ணி. மும்பைக்குத் தண்ணி தருகிற ஏரிகள் ஏழு. மே, ஜூனில் ஏரி வற்றினால் பத்து சதவீதம் குறைப்பு என்று மாநகராட்சி அறிவிக்கும், எங்கள் குழாயில் அது பாதியாகத் தெரியும். அந்த ஏழில் ஒன்றுக்கு மோதக் சாகர் என்று பெயர். ஒரு இஞ்சினியர் பெயராம். மராத்தியில் மோதக் என்றால் கொழுக்கட்டை, அதனால் மாமியார் அதைக் 'கொழுக்கட்டைக் குளம்' என்பார்கள். "கொழுக்கட்டைக் குளம் ரொம்பிட்டாளா?" என்று ஜூலை மாதம் தினம் கேட்பார்கள். டிவியில் ரொம்பி வழிகிறது என்று காட்டினால்தான் நிம்மதி.

தண்ணி பிடித்து, இரண்டு டப்பா கட்டி, மகனையும் மருமகளையும் ரயிலுக்கு அனுப்பி, மாமியாருக்கு வெந்நீர் போட்டு நிமிர்ந்தால் எட்டரை. அப்புறம் பேத்தி எழுந்திருப்பாள். போன ஆடியோடு எனக்கு 56. ஒரு கையில் மூன்றரை வயது, ஒரு கையில் 82. இரண்டு பேருக்கும் சோற்றைக் குழையப் பிசைய வேண்டும், இரண்டு பேரும் கதை சொன்னால்தான் சாப்பிடுவார்கள், இரண்டு பேருக்கும் முதல் நாள் சொன்ன கதை மறுநாள் நினைவிருக்காது. வேலையில் இது ஒன்றுதான் மிச்சம்: ஒரே கதையைத் தினமும் ஓட்டலாம்.

தமிழ் சொல்லிக்கொடுப்பதும் என் பொறுப்பு. மகன் நாலாம் வகுப்பு வரை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன், எழுத்துக் கூட்டிப் படிப்பான். அவன் ஆபீஸிலிருந்து வரும்போது குழந்தை தூங்கியிருக்கும். அதனால் நான்தான். 'ள' அவளுக்கு அழகாக வருகிறது, மராத்தியிலும் அந்த எழுத்து உண்டு. கீழ்வீட்டு இந்திக்காரப் பையனுக்கு அது வராது, அவனுக்கு இவள் சொல்லிக்கொடுக்கிறாள். 'ழ'தான் தகராறு. "வாழைப்பழம்" என்று நாக்கை மடித்து மடித்துக் காட்டினேன். "வாளப்பளம்" என்றாள். மறுபடியும் காட்டினேன். அந்தப் பக்கம் கட்டிலில் படுத்திருந்த மாமியார், "ஏளா, புள்ளைய ஏன் பாடாப்படுத்துத? வாளப்பளம்னு சரியாத்தான சொல்லுதா" என்றார்கள். பரம்பரையாகவே எங்களுக்கு வாளப்பளம்தான். நான் எதற்கு மெனக்கெட்டேன் என்று தெரியவில்லை. அந்தப் பாடம் அன்றோடு சரி.

ஆனால் ஒன்று மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் அப்பாவைப் பெற்றவள் ஆச்சி. என் ஆச்சி, என் அம்மையின் ஆச்சி எல்லாரும் ஆச்சிதான். பேத்தி பிறந்த அன்றைக்கே, ஆஸ்பத்திரியில், காதோரம் குனிந்து "நான் உன் ஆச்சி" என்று சொல்லிவைத்தேன். ஒன்றேகால் வயதில் அவள் என்னைப் பார்த்து முதன்முதலாகக் கூப்பிட்டது, "ஆஜி". மராத்தியில் பாட்டிக்கு ஆஜி. கட்டடம் முழுக்க ஆஜிகள். அவள் ஆச்சி என்று சொல்லப் போய் நாக்கு வழுக்கி ஆஜி ஆனதா, இல்லை ஆஜியாகவே பிறந்ததா என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. அவுக ஆச்சி என்றுதான் கேட்டதாகச் சத்தியம் செய்தார்கள். அவுகளுக்கு ஒரு காது மந்தம்.

மாமியார் பிரச்சினை வேறு. பூட்டிக்கு மராத்தியில் 'பண்ஜி' என்று மருமகள் சொல்லிக்கொடுத்துவிட்டாள். "பஞ்சியா? எந் தலமுடியச் சொல்லுதாளா?" என்று மாமியார் கொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கோபமில்லை. பஞ்சி நல்லாத்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டார்கள். எனக்குத்தான் அந்தப் பெருந்தன்மை வரவில்லை. திருநெல்வேலியில் இருக்கிற என் அக்கா வாராவாரம் வீடியோவில் வந்து, "பேத்தி ஒன்ன ஆச்சின்னு கூடக் கூப்பிட மாட்டேங்காளேளா" என்பாள். புண்ணில் உப்பு.

இந்த ஜனவரியில் சாதாரா ஆஜி வந்தார்கள், மருமகளைப் பெற்றவர். அங்கன்வாடியில் வேலை, பத்து நாள் லீவு போட்டு வந்தார்கள். எனக்கு இரண்டு வயது இளையவர். பையிலிருந்து சோளமாவு, கடலை, வெல்லம், எள்ளுருண்டை என்று வந்துகொண்டே இருந்தது. பொங்கலும் சங்கராந்தியும் ஒரே சமயம்தானே. நான் பொங்கல் பானையை இறக்குகிறேன், அவர் எள்ளுருண்டையை என் கையில் வைத்து, "திள்குள் க்யா, கோட் கோட் போலா" என்கிறார். எள்ளும் வெல்லமும் வாங்கிக்கொள், இனிக்க இனிக்கப் பேசு. என்னிடம் இருப்பது மார்க்கெட் மராத்தி, அதில் விலை பேசலாம், இனிக்க இனிக்கப் பேச முடியாது. சிரித்துவைத்தேன்.

ஆளுக்கு ஒரு முழம் இடம்கூட இல்லாத அடுப்படியில் நாங்கள் இருவரும் பத்து நாள் இருந்தோம். அவர் சோளமாவைக் கையில் தட்டித் தட்டி பாக்ரி ரொட்டி போடுவார், சத்தம் கேட்டாலே பசிக்கும். என் சொதியை வாயில் வைத்துவிட்டு, காரம் எங்கே என்று கேட்டார். தேங்காய்ப்பாலில் காரம் எதற்கு? அவருக்குப் பச்சைமிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா தொட்டுக்கொண்டால்தான் சொதி இறங்கியது. அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் தெரியாமல் நானும் தொட்டுப் பார்த்தேன். மோசமில்லை.

தொல்லை பேத்திக்குத்தான். "ஆஜி!" என்றால் இரண்டு தலை திரும்பும். அவளுக்குக் கோபம் வந்துவிடும், "நீ நகோ!" என்று ஒருத்தியை விரட்டுவாள், பெரும்பாலும் என்னை. மருமகள்தான் வழி சொல்லிக்கொடுத்தாள்: இவர் சாத்தார்யாச்சி ஆஜி, அவர் மும்பைச்சி ஆஜி. சாதாராவின் பாட்டி, மும்பையின் பாட்டி. 'ச்சி' அவர்கள் பாஷையில் 'உடைய' மாதிரி. குழந்தை பிடித்துக்கொண்டாள். சாதாரா ஆஜி ஊருக்குப் போன பிறகும் விடவில்லை. நீளமாக இருக்கிறது என்று வாலை மட்டும் வெட்டிவிட்டாள். இப்போது நான் வெறும் மும்பைச்சி.

மகன் ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது இதைக் கவனித்துவிட்டு, "தமிழச்சிங்கிற மாதிரி மும்பைச்சியாம்மா?" என்றான். எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. ஊருக்குப் போனால் என்னைப் பம்பாய்க்காரி என்பார்கள், 1995-இல் பெயர் மாற்றியது எங்கள் தெருவுக்கு இன்னும் எட்டவில்லை. இங்கே முப்பத்தாறு வருஷமாக மதராஸி. கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "சாப்பிடுளா, ஆறுது" என்றார்கள் மாமியார்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடியோவில் வந்தாள். வழக்கமான ஆச்சிப் புராணம் ஆரம்பிக்கும் முன்னாலேயே பாத்ரூம் பக்கமிருந்து பேத்தி குரல், கட்டடமே அதிர: "மும்பைச்சீ! ஆயீ!"

"யாருளா அது மும்பைச்சி?" என்றாள் அக்கா.

"நாந்தான்."

"சரி, ஆயின்னா அவ அம்மையத்தான தேடுதா?"

"போய்ப் பாத்தாத்தான் தெரியும்" என்று போனை அரிசி டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டு ஓடினேன்.