பட்டியலில் இல்லாத லைபேஸ்

காரைக்குடி பக்கத்தில் ஒரு எண்ணெய்ச் செக்கடி. பிண்ணாக்கும் எண்ணெயும் ஊறிக் கறுத்துப்போன அந்த மண்ணிலிருந்துதான் என் எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்கான பேசில்லஸ் பாக்டீரியா கிடைத்தது. டிரைபியூட்டிரின் என்ற கொழுப்பு கலந்த அகார் தட்டில் காலனியைச் சுற்றிப் பளிச்சென்று ஒரு வளையம் விழுந்தது. லைபேஸோ எஸ்டரேஸோ, ஏதோ ஒரு நொதி கொழுப்பை உடைக்கிறது. அதன் ஜீனோமும் (முழு டி.என்.ஏ.) வாசித்து வந்துவிட்டது, கூடவே மென்பொருள் அதிலிருந்து கணித்த 4,000 சொச்சம் புரதங்களின் பட்டியலும். லைபேஸ் என்ற பெயர் அதில் இல்லை.

சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற இன்னொரு பாக்டீரியாவின் லைபேஸை வைத்து, புரத வரிசைகளை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட்-பி-யை அந்தப் பட்டியலில் ஓட்டினேன். வந்ததில் மேலே இருந்தது 26 சதவீத ஒற்றுமை, அதுவும் பாதி நீளத்துக்கு. இ-வேல்யூ 0.02. அதாவது ஐம்பது தடவை தேடினால் ஒரு தடவை தற்செயலாகவே வரக்கூடியது. பெயரும் வெறும் 'ஆல்பா/பீட்டா ஹைட்ரோலேஸ்', லைபேஸும் சேர்ந்த ஒரு பெரிய புரதக் குடும்பத்தின் பெயர். நகரத்தாரில் ஒரே கோயில் என்றால் பங்காளி, சரி. அதற்காக எல்லோரும் ஒரே தொழிலா செய்கிறார்கள்? இந்தக் குடும்பமும் அப்படித்தான், உள்ளே ஆயிரம் வேலைக்காரர்கள்.

அடுத்த அசட்டுத்தனம்: லைபேஸின் அடையாளமாகப் பாடத்தில் படித்த கிளைசின்-ஏதோ-செரின்-ஏதோ-கிளைசின் என்ற அமினோ அமில வரிசையைப் பட்டியல் முழுக்கத் தேடியது. நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தது. ஐந்து இடத்தில் இரண்டு எதுவாகவும் இருக்கலாம் என்றால் விழத்தானே செய்யும்!

லேபில் சீனியர் அக்கா கேட்டார்: "பேசில்லஸை வச்சுக்கிட்டு ஏம்மா சூடோமோனாஸ் வீட்டுல போய் விசாரிக்கிற?" பேசில்லஸ் சப்டிலிஸின் லைபேஸான லிப்-ஏ, 212 அமினோ அமிலம். எடுத்துப் பார்த்தால், செரினுக்கு முன்னால் வரவேண்டிய அந்த முதல் கிளைசினே அதில் இல்லை. அங்கே அலனின் உட்கார்ந்திருக்கிறது: அலனின், ஹிஸ்டிடின், செரின், மெத்தியோனின், கிளைசின். நான் தேடிய விதத்தில் ஜென்மத்துக்கும் சிக்கியிருக்காது.

ஆனால் இதை வைத்துத் தேடியும் பட்டியலில் ஒன்றும் வரவில்லை. அப்புறம்தான் டிபிளாஸ்ட்-என். பட்டியலை நம்பாமல், டி.என்.ஏ.வையே ஆறு வாசிப்புச் சட்டத்திலும் (அதைப் புரதமாக வாசிக்கக்கூடிய ஆறு வழியிலும்) மொழிபெயர்த்துத் தேடுவது. ஒரு கான்டிக்கின் (ஜீனோம் வாசிப்பில் முறியாமல் கிடைத்த ஒரு நீளத் துண்டின்) கடைசியில் 74 சதவீத ஒற்றுமையுடன் 170 அமினோ அமிலம், இ-வேல்யூ 10-இன் அடுக்கு மைனஸ் 70. அந்த ஐந்தெழுத்தும் அப்படியே இருந்தது. வினையூக்க மூவரில், அதாவது நொதியின் வேலையைச் செய்யும் மூன்று அமினோ அமிலங்களில், செரின் இருக்கிறது, அஸ்பார்ட்டிக் அமிலம் இருக்கிறது, ஹிஸ்டிடினைக் காணோம். அதற்கு முன்பே கான்டிக் முடிந்துவிட்டது.

பட்டியலில் ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஓரத்தில் அறுந்து நிற்கும் மரபணுக்களை விட்டுவிடும்படியான அமைப்பில் மரபணு கணிக்கும் மென்பொருள் ஓடியிருக்கிறது. நான் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. முதல் வரியைப் பார்த்துக் குதித்ததில், அதே முடிவுகளில் இரண்டாவதாக இருந்த 40 அமினோ அமிலத் துண்டையும் ஒரு வாரம் கவனிக்கவில்லை. அது வேறொரு கான்டிக்கின் ஆரம்பம். விட்டுப்போன வால், ஹிஸ்டிடினோடு.

இரண்டு துண்டும் ஒட்டுகிறதா என்று பார்க்க, இரண்டு பக்கத்திலிருந்தும் பிரைமர் (தொடக்க டி.என்.ஏ. துண்டு) போட்டு, பி.சி.ஆரில் இடைப்பகுதியைப் பெருக்கியதில் ஒற்றை பேண்டு வந்தது. வாசித்தால் நடுவில் முறிவில்லாமல் ஒரே மரபணு. இது இருக்கிறது என்பது நிச்சயம். வளையம் இதனால்தான் விழுகிறதா என்பதற்கு இந்த மரபணுவை ஈ.கோலை பாக்டீரியாவில் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கான பிரைமர் ஆர்டர் போன வாரம்தான் போயிருக்கிறது.