இருநூறில் ஒரு பங்கு

கட்டட மாதிரி செய்கிறேன் என்றதும், "கம்ப்யூட்டரில் இருப்பதை லேசர் மெஷினுக்கு அனுப்பினால் வெட்டித் தந்துவிடும், ஒட்ட வேண்டியதுதானே?" என்று பலர் கேட்பார்கள். வெட்டுவது மெஷின்தான். எதை வெட்டுவது, எதை விடுவது என்று யோசிப்பதில்தான் என் நேரமெல்லாம் போகிறது.

மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில் வரவிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்கு 1:200 அளவில் மாதிரி கேட்டார்கள். ஒன்பது இஞ்சுச் சுவர், அதாவது 230 மி.மீ., இந்த அளவில் 1.15 மி.மீ. ஆகிவிடும். அதற்கு 1 மி.மீ. அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு போதும். நாலரை இஞ்சுத் தடுப்புச் சுவரோ அரை மி.மீட்டரைக் கொஞ்சம்தான் தாண்டும். படிக்கட்டின் 50 மி.மீ. கைப்பிடிக் குழாய் வெறும் கால் மி.மீ. லேசர் போகும் பாதையிலேயே 0.2 மி.மீ. போல எரிந்து போய்விடும். அப்புறம் குழாய் எங்கே நிற்கும்? தடுப்புச் சுவரைத் தடிமனாக்கினோம், கைப்பிடியை விட்டுவிட்டோம். கட்டடத்தை வரைந்த பெண்ணுக்கு அதை விட மனசே இல்லை. ஆனால் கோணல்மாணலாக ஒரு கைப்பிடி நிற்பதைவிட அது இல்லாத படிக்கட்டு எவ்வளவோ மேல் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

திரையில் இரண்டு சுவர்கள் ஒரே மூலைக்குள் தாராளமாகப் புகுந்துகொள்ளும். அக்ரிலிக் அப்படிப் புகாது. ஒவ்வொரு மூலையிலும் ஒரு சுவரைத் தடிமன் அளவுக்குக் குறைக்க வேண்டும். ஒரே கோடு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முறை வரையப்பட்டிருந்தால் லேசரும் இரண்டு முறை ஓடி விளிம்பை உருக்கிவிடும். இதையெல்லாம் உட்கார்ந்து துடைத்தெடுப்பது அலுப்பான வேலை. வளைந்த கூரையை மட்டும் 3டி பிரிண்டரில் எடுத்தோம். அதற்குப் போட்ட பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் அதை வைக்கவே கூடாது.

எனக்குப் பிடித்தது மலைச்சரிவுதான். ஒரு மீட்டர் உயரம் என்பது 1:200இல் சரியாக 5 மி.மீ. அந்தத் தடிமனில் சன்போர்டு என்ற நுரைப் பலகை கிடைக்கிறது. நிலப்படத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடு ஒவ்வொன்றையும் ஓர் அடுக்காக வெட்டி ஏற்றிக்கொண்டே போனால் நிலம் எழுந்து நிற்கும்.

மாதிரியைப் பார்க்க வந்தவர்களில் ஒரு கொத்தனாரும் இருந்தார். கம்ப்யூட்டரில் படத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டியபோது பேசாமல் இருந்தவர், இதைக் குனிந்து பார்த்தார். மேல் அடுக்கிலிருந்து விரலை இழுத்துக்கொண்டே வந்து சின்ன வகுப்புகளின் முற்றத்தில் நிறுத்தினார்.

"தம்பி, மழை பேஞ்சா மலைத்தண்ணி பூராவும் இங்கதானே வந்து நிக்கும்?"

வரைந்த பெண் சமஉயரக் கோடுகளின் எண்களை எடுத்துச் சரிபார்த்தார். கொத்தனார் சொன்னது சரி. அந்தப் பெண் முற்றத்துக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வரைந்து அனுப்பினார். அந்த அடுக்கை மட்டும் பெயர்த்து, வாய்க்காலோடு புதிதாக வெட்டி ஒட்டினோம்.