ஃபியூஸ் வாங்க இனி எந்தக் கடைக்குப் போவது?

லண்டனில் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு மைக் செட் போட்டுக்கொடுப்பது பல வருடமாக என் வேலை. சம்பளம் கிடையாது, பிடித்துச் செய்கிறேன். விழா நாளன்று ஏதாவது ஒன்று கட்டாயம் மக்கர் பண்ணும். கீபோர்டின் அடாப்டர், நடனப் பாட்டு இருக்கும் போனிலிருந்து மிக்சருக்குப் போகும் ஒயர், சில சமயம் ஆம்பிளிஃபயரே. எலக்ட்ரானிக் சாமானும் உதிரிபாகமும் விற்ற மேப்ளின் கடைகள் இருந்தவரை அதற்காக நான் பதறியதில்லை. யாரையாவது காரில் அனுப்பினால் வரவேற்புரை முடிவதற்குள் சாமான் வந்துவிடும்.

2018 பிப்ரவரி 28 அன்று மேப்ளின் திவாலானது. பொம்மைக் கடை டாய்ஸ் ஆர் அஸ்ஸின் பிரிட்டிஷ் கிளை விழுந்ததும் அதே நாளில்தான். சில மாதங்களுக்குள் 200க்கும் மேற்பட்ட மேப்ளின் கடைகள் மொத்தமாக மூடப்பட்டன.

அந்தக் கடையில் என்ன விசேஷம் என்று கேட்பவர்களுக்கு ஒரு ஃபியூஸ் கதை சொல்கிறேன். சுவரில் செருகும் பிளக்குக்கான 13 ஆம்பியர் ஃபியூஸ் இந்த ஊர் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ஆம்பிளிஃபயருக்குள் இருப்பது வேறு, 20 மில்லிமீட்டர் நீளமுள்ள சின்னக் கண்ணாடிக் குழாய். ஒருமுறை அது எரிந்துபோக, அதே ஆம்பியரில் இன்னொன்றைக் கேட்டு வாங்க மேப்ளினுக்குப் போனேன். கவுண்டரில் இருந்த இளைஞர் எடுத்துக் கொடுப்பதற்கு முன், “எதில் போடப் போகிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். ஆம்பிளிஃபயரில் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும், ஸ்விட்ச் போட்ட கணத்தில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், ‘எஃப்’ என்று எழுதிய வேக ஃபியூஸ் அதைத் தாங்காது, ‘டி’ என்று எழுதிய நிதான ஃபியூஸ்தான் வேண்டும் என்று விளக்கினார். சில பென்ஸ் விலையுள்ள பொருளுக்கு அவ்வளவு நேரம் செலவழித்தார்.

அந்தக் கேள்விக்கான காசு எங்கிருந்து வந்தது? என் கணிப்பு, கேபிள்களிலிருந்து. மேப்ளினில் எச்டிஎம்ஐ கேபிள் விலை அதிகம், அதில் சந்தேகமே இல்லை. அதைச் சொல்லித் திட்டாதவர்கள் குறைவு. ஆனால் அந்தக் கேபிளில் கிடைத்த லாபம்தான் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் நிறைந்த நூற்றுக்கணக்கான இழுப்பறைகளுக்கும், அவற்றை அறிந்த ஆட்களின் சம்பளத்துக்கும், கடை வாடகைக்கும் சோறு போட்டது. கேபிளை எல்லோரும் இணையத்தில் வாங்க ஆரம்பித்ததும் இழுப்பறைகள் பட்டினி கிடந்தன. கடைசிக் காலத்தில் ட்ரோனும் டிஸ்கோ விளக்கும் கடையின் முகப்புக்கு வந்தன, உதிரிபாகங்கள் பின்னால் போயின. உதிரிபாகத்துக்காக வந்தவர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் மேப்ளின் 1972இல் எசெக்ஸில் தபால்வழி வியாபாரமாகப் பிறந்தது. அட்டையில் விண்கலங்கள் பறக்கும் அதன் கேட்டலாக்கைப் பழைய ஆட்கள் இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். முதல் கடை அப்புறம்தான் வந்தது. இதேபோல் மூடப்பட்ட இன்னொரு மின்சாதனக் கடை கோமெட், அதைவிடப் பழசு. 1933இல் ஹல் நகரில் ரேடியோ பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொடுத்துத் தொடங்கியது. 2012 தொடக்கத்தில் வெறும் 2 பவுண்டுக்குக் கைமாறி, அந்த டிசம்பரிலேயே கடைசிக் கடையையும் மூடியது. கிட்டத்தட்ட 7,000 பேர் வேலையிழந்தார்கள்.

இரண்டையும் இணையம் மட்டுமே கொன்றது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கடைகளுக்குச் சரக்கு கடனில் வரும். கடன் திரும்பாவிட்டால் என்ன செய்வது என்று சப்ளையர்கள் அதற்குக் காப்பீடு எடுத்திருப்பார்கள். கடை தள்ளாடுகிறது என்று செய்தி வந்ததும் காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கும். உடனே சப்ளையர்கள் முன்பணம் கேட்பார்கள். கையில் ரொக்கம் இல்லாத கடையில் அலமாரி காலியாகும், ஆட்கள் வரமாட்டார்கள். கோமெட்டுக்கும் மேப்ளினுக்கும் இதுதான் நடந்தது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டின் மதிப்பு சரிந்ததில், இறக்குமதிச் சரக்கை நம்பியிருந்த மேப்ளினுக்கு இன்னும் ஒரு அடி விழுந்தது.

வரியும் ஒரு பக்கம். ஹை ஸ்ட்ரீட் எனும் கடைத்தெருவில் இருப்பவர் அந்த இடத்தின் வாடகை மதிப்பை வைத்து பிசினஸ் ரேட்ஸ் என்ற வரி கட்டுகிறார். ஊருக்கு வெளியே கிடங்கு வைத்திருப்பவருக்கு அதே அளவு இடத்துக்கு அது மிகக் குறைவு. 2012 ஏப்ரல் வரை ஜெர்சி, கெர்ன்சி தீவுகளிலிருந்து தபாலில் வந்த மலிவான மெமரி கார்டுக்கும் சிடிக்கும் வாட் வரியே கிடையாது. தெருக் கடைக்காரரோ 20 சதவீதம் கட்டினார். இதை நியாயமான போட்டி என்று எப்படிச் சொல்வது?

பார்ட் நம்பர் தெரிந்தவர்களுக்கு இன்று ஒரு குறையும் இல்லை. உதிரிபாகம் விற்கும் ஆர்எஸ், ஃபார்னெல் இணையதளங்களில் தேடினால் மறுநாள் வந்துவிடும். எனக்குக் கவலை, நம்பர் தெரியாதவர்களைப் பற்றி. போன வருடம் ஒரு பெற்றோர் இணையத்தில் மலிவாக வாங்கிய பவர் கேபிளைக் கொண்டுவந்தார். பிளக்கைத் திறந்தால் உள்ளே ஃபியூஸே இல்லை. இந்த நாட்டில் அது சட்டப்படி விற்கக் கூடாத சாமான். நூறு குழந்தைகள் ஓடியாடும் மண்டபத்தில் அதைச் செருகியிருப்போம். விற்றவரைத் தேடிப் போகக் கதவு இல்லை.

கடைகள் அடியோடு அழிந்துவிடவில்லை. 1978இல் லண்டன் பிரிட்ஜ் பக்கத்தில் தொடங்கிய ஸ்பீக்கர், ஆம்பிளிஃபயர் கடை ரிச்சர் சவுண்ட்ஸ் இன்னும் நடக்கிறது. அதன் நிறுவனர் ஜூலியன் ரிச்சர் 2019இல் 60 சதவீதப் பங்கை ஊழியர்களுக்கான அறக்கட்டளைக்கு மாற்றினார். எங்கள் பள்ளிக்குப் புது ஸ்பீக்கர் வாங்க இப்படிப்பட்ட ஒரு கடைக்குத்தான் போனேன். பிள்ளைகள் ஆடும் பாட்டையே இரண்டு ஜோடி ஸ்பீக்கரில் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள், மண்டபத்தின் கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டார்கள். இணையத்தில் அதே ஸ்பீக்கர் கொஞ்சம் மலிவு. பொருளாளர் அக்கா பில்லைப் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஏன் கூட?” என்றார். கூரையைப் பற்றிக் கேட்டதற்கு என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.