பாஸ்டன் நாட்குறிப்பு: சார்லஸுக்கு இன்னும் எழும்பவில்லை

ஜூன் 17
பங்கர் ஹில் போரின் நினைவு நாள். ஊருக்கு விடுமுறை. வார்டுக்கு ஏது விடுமுறை, விடியும் முன்பே மகனுக்கு ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள்.

1775இல் இதே தேதியில், பாஸ்டனுக்கு அருகே பிரெயின்ட்ரீயில் பென்ஸ் ஹில் குன்றின்மேல், பின்னாளில் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெய்ல் தன் ஏழு வயது மகன் ஜான் குவின்சியோடு நின்று, தூரத்தில் சார்ல்ஸ்டவுன் எரிவதைப் பார்த்தாள். அன்றைய போரில் இறந்த டாக்டர் ஜோசப் வாரன், அந்தப் பையனின் முறிந்த விரலை வெட்டாமல் காப்பாற்றிக் கொடுத்தவர். போரைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். மனதில் நிற்பது அந்த விரல்தான். பிள்ளையைக் கைதொட்டுப் பார்த்த டாக்டர் போய்விட்டார் என்ற செய்தி அவளுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஜூன் 20
அவனுடைய வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறவில்லை.

ஜூன் 24
அவன் தூங்கும்போது அபிகெய்லின் கடிதங்கள். 1776 ஜூலை 12 அன்று நான்கு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, அம்மை குத்திக்கொள்ளப் பாஸ்டனுக்கு வருகிறாள். தங்கல் சித்தப்பா ஐசக் ஸ்மித்தின் வீட்டில். கணவர் ஜான் ஃபிலடெல்ஃபியாவில், காங்கிரஸ் சபையில். படுக்கை, விறகு, வைக்கோல் எல்லாம் ஊரிலிருந்து வருகிறது. ஒரு பசுவையும் பிரெயின்ட்ரீயிலிருந்து ஓட்டிவரச் செய்திருக்கிறாள். அந்த வரியில் அப்படியே நின்றுவிட்டேன். நாடு பிறந்துகொண்டிருக்கும் வாரத்தில், பிள்ளைகளுக்குப் பாலுக்கு வழி தேடியிருக்கிறாள். நானும் இங்கே வரும்போது ரசப்பொடியும் அவனுடைய தலையணை உறையும் எடுத்துவந்தேன். உறையை உள்ளே விடவில்லை.

கையில் லேசாகக் கீறி, அம்மை கண்டவரின் முத்திலிருந்து எடுத்த சீழில் ஊறிய நூலை வைத்துக் கட்டுவார்கள். பிறகு முத்து எழும்பக் காத்திருக்க வேண்டும். காலையில் பிள்ளைகள் வாந்தி எடுக்கிறார்கள், அதன்பின் தெளிந்துவிடுகிறார்கள் என்று எழுதுகிறாள். இங்கும் அப்படியே.

அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். பெரியம்மை என்றதும் பாட்டியின் முகத்துத் தழும்பையும் வாசலில் செருகிய வேப்பிலையையும் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். பிறகு இருவருமே பேசவில்லை.

ஜூன் 27
என் கணவருடைய விசா தேதி மறுபடியும் தள்ளிப்போய்விட்டது. "என்ன சாப்பிட்டான்?" என்று மட்டும் கேட்டார். ஜானுக்குக் கடிதம் போய்ச் சேர ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம். பிள்ளைகளுக்கு அம்மை குத்திய செய்தியே அவருக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

ஜூலை 2
1776இல் காங்கிரஸ் பிரிட்டனிடமிருந்து விடுதலைக்கு வாக்களித்தது இதே நாளில்தான். நான்காம் தேதி விடுதலைப் பிரகடனத்தின் வாசகத்தை ஏற்ற நாள். ஜூலை 2ஐத்தான் வரும் தலைமுறைகள் மணியடித்து, துப்பாக்கி முழக்கி, விளக்கேற்றிக் கொண்டாடும் என்று ஜான் மறுநாளே மனைவிக்கு எழுதினார். எண்ணிக்கை 20.

ஜூலை 4
இரவு. ஆற்றங்கரை வாணவேடிக்கையின் சத்தம் வருகிறது, வெளிச்சத்தை எதிர்க்கட்டடம் மறைத்துவிட்டது. "இது என்ன கலர் அம்மா?" என்று ஒவ்வொரு வெடிக்கும் கேட்டான். சிவப்பு என்றேன், பச்சை என்றேன். 

ஜூலை 6
நாத்தனார் வந்து உட்கார்ந்தாள், நான் வெளியே போனேன். எங்கு போவது என்று தெரியாமல் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் போய் நின்றேன். அன்று அதன் பெயர் கிங் ஸ்ட்ரீட். கண்ணாடிக் கோபுரங்களுக்கு நடுவே பழைய செங்கல் ஸ்டேட் ஹவுஸ், அடியில் சுரங்க ரயில் நிலையம். அந்த பால்கனியிலிருந்துதான் 1776 ஜூலை 18 அன்று கர்னல் தாமஸ் கிராஃப்ட்ஸ் பிரகடனத்தைப் படித்தார். கீழே கூட்டத்தில் அபிகெய்ல். மணிகள் அடித்தன, பீரங்கிகள் முழங்கின. அரசரின் சின்னங்களை எல்லா இடத்திலிருந்தும் பிடுங்கி இதே தெருவில் கொளுத்தினார்கள்.

கூரையோரம் பொன்னிறச் சிங்கமும் வெள்ளி நிற ஒற்றைக்கொம்புக் குதிரையும் இன்றும் நிற்கின்றன. பிற்காலத்தில் புதிதாகச் செய்து வைத்தவை. எரித்ததைத் திரும்பச் செய்து வைக்கும் மனது ஒரு நாட்டுக்கு வந்தது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நான் பார்த்தது பால்கனியை அல்ல, தெருவை. எந்த இடத்தில் நின்றாள்? வீட்டில் அம்மை குத்திய பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு காதால் பிரகடனத்தைக் கேட்டுக்கொண்டு. "வாழ்க எங்கள் அமெரிக்க மாநிலங்கள்" என்று மேலிருந்து குரல் எழுந்தபோது அவள் மனது யாரிடம் இருந்திருக்கும்? மகன் சார்லஸிடம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவனுக்குத்தான் எழும்பவே இல்லை.

ஜூலை 9
மற்றவர்களுக்கு எழும்பியது. பெரியவள் நேபிக்கு உடம்பெங்கும் முத்து, உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அவளுக்கு 11 வயது நிறைந்ததே அந்த வீட்டில்தான். சார்லஸுக்கு மூன்று முறை குத்தினார்கள். கடைசியில் தானாகவே கண்டு, இரண்டு நாள் நினைவு தப்பிப் பிதற்றினான். ஆறு வயது. இவனுக்கும் ஆறு.

இந்த வைத்தியத்தைப் பாஸ்டனுக்குச் சொன்னவர் ஒனேசிமஸ். போதகர் காட்டன் மேதர் வீட்டில் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கர். தன் ஊரில் தனக்குக் குத்தியதைச் சொன்னார். 1721இல் அம்மை வந்தபோது டாக்டர் பாய்ல்ஸ்டன் துணிந்து தன் மகனுக்கே குத்தினார். அந்த ஆண்டு அம்மை கண்டவர்கள் 5,889 பேர், இறந்தவர்கள் 844. குத்திக்கொண்ட இருநூற்றுச் சொச்சம் பேரில் இறந்தவர்கள் 6. இதை எதிர்த்து மேதரின் ஜன்னல் வழியாக வெடிகுண்டு வீசினார்கள்! விடுதலையின் கதையைச் சொல்லும்போது ஒனேசிமஸின் பெயரைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. அபிகெய்லின் பிள்ளைகள் பிழைத்ததில் அவருக்குப் பங்கு உண்டு. விடுதலையில் மட்டும் அவருக்குப் பங்கு இல்லாமல் போனது. இன்றெல்லாம் இதே கோபம்.

ஜூலை 11
40. நேற்று 60. ஏன் இறங்கியது என்று கேட்டேன். பார்ப்போம் என்கிறார்கள்.

ஜூலை 14
சார்லஸ் பிறகு என்ன ஆனான் என்று தேடினேன். தேடாமல் இருந்திருக்கலாம். குடியால் கெட்டு, 1800இல், முப்பதே வயதில். அப்பா ஜனாதிபதியாக இருக்கும்போதே.

இதற்குமேல் அவனைப் பற்றி எழுதமாட்டேன். எனக்கு அந்தச் சார்லஸ் 1776 செப்டம்பரில் அம்மாவோடு பிரெயின்ட்ரீ வீட்டுக்குத் திரும்பிப் போகிறவன். அவ்வளவுதான்.

ஜூலை 16
இட்லி கேட்டான்.

ஜூலை 18
மாலை. 180. நேற்று 90. நர்ஸ் இரண்டு முறை சரிபார்த்துச் சொன்னாள். 500ஐத் தொடவேண்டும், தெரியும். அங்கே இப்போது பின்னிரவு மூன்று மணி. பரவாயில்லை, அவரை எழுப்பப்போகிறேன்.