75-க்கு மாறிய பிறகு

ஜனவரி 8

தைராய்டு ரிப்போர்ட் வந்துவிட்டது. டிஎஸ்ஹெச் 9.6. போன வருடம் இதே 50 மைக்ரோகிராம் மாத்திரையில் 3-ஐத் தாண்டவில்லை. வெறும் வயிற்றில், தண்ணீரில், தினமும் ஒழுங்காகத்தான் போட்டு வருகிறேன். டாக்டரம்மாவும் முதலில் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். "உங்களுக்கு ஹாஷிமோட்டோ. சுரப்பி கொஞ்சம் கொஞ்சமா ஓய்ஞ்சுக்கிட்டு வருது. அது விட்ட இடத்தை மாத்திரைதான் நிரப்பணும்" என்றார் அப்புறம்.

1912-இல் ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்த நோய். நம் எதிர்ப்பாற்றலே தைராய்டைப் பகையாக நினைத்து அரித்துக்கொண்டிருக்கும். டிஎஸ்ஹெச் கூடினால் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி, வேலைக்கு வராத ஆளைக் கூப்பிடுவதுபோல் போடுகிற சத்தம் அது. ஆள் மெத்தனமாக ஆக ஆகச் சத்தம் கூடும்.

நாளை முதல் 75. ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் அடுத்த ரத்தப் பரிசோதனை. நடுவில் ஆசைக்கு எடுத்துப் பார்க்கக் கூடாதாம்.

பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய நிலவரம்: மற்றவர்கள் மின்விசிறி போடச் சொல்லும்போது எனக்கு ஸ்வெட்டர் வேண்டியிருக்கிறது. காலையில் இமைகள் உப்பியிருக்கின்றன. மலச்சிக்கல். குதிகால் வெடிப்பு. மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரே வரியை நாலு தரம் படிக்கிறேன். குரல் கட்டையாகிவிட்டது.

ஜனவரி 12

ஒரு மாற்றமும் இல்லை. "எப்படி இருக்கு?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்கிறார். வாரத்துக்கு ஒரு தரம் கேட்டால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 20

ஏன் இத்தனை தாமதம் என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டேன். பொறுமையானவர். இந்த மாத்திரையில் இருப்பது லெவோதைராக்ஸின், அதாவது டி4. ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஏழு நாள் ஆகும். இன்று போட்டதில் பாதி அடுத்த வாரமும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும், அதன் மேல் புதிது சேரும். சேர்வதும் கழிவதும் சமமாகி ஒரு மட்டத்தில் நிற்க ஐந்தாறு வாரம் பிடிக்கும். பிட்யூட்டரி அந்தப் புது மட்டத்தைப் பார்த்துத் தன் சத்தத்தைக் குறைப்பதும் மெதுவாகத்தான். அதற்கு முன்னால் சோதித்தால் வருவது பாதிக் கதை. அதை நம்பி அளவைக் கூட்டினால் பின்னால் தலைக்கு மேல் போய்விடும்.

இன்னொன்றும் சொன்னார். டி4 பெரும்பாலும் இருப்புச் சரக்குதான். உடம்பு அதிலிருந்து ஒரு அயோடின் அணுவைக் கழற்றி டி3 ஆக்கிய பிறகுதான் செல்களுக்குள் வேலை நடக்கும். ஈரல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றும் தன் தேவைக்கு மாற்றிக்கொள்கிறது. மாத்திரை விழுங்கிய அரை மணியில் தலைவலி போவதுபோல் இது போகாது என்பது இப்போதுதான் மனசில் ஏறியது.

பிப்ரவரி 3

அத்தை ஃபோன் செய்தார். முதல் கேள்வி: "வெயிட் குறைஞ்சுதா?"

இந்தக் கேள்வி எனக்கு ஆகவே ஆகாது. தைராய்டு குறைந்தால் எடை கூடுவது உண்மை. ஆனால் பெரும்பாலும் அது சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உடம்பில் தங்குகிற உப்பும் நீரும். மாத்திரை சரியானதும் அந்த அளவுதான் இறங்கும். மிச்சத்துக்குத் தைராய்டு பொறுப்பில்லை. அத்தையிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பார்க்கலாம் அத்தை" என்றேன்.

மலச்சிக்கல் மட்டும் கொஞ்சம் தேவலை. தினமும் என்று சொல்ல முடியாது, ஆனாலும் தேவலை.

பிப்ரவரி 15

குரலைப் பற்றி எழுத வேண்டும். ரெண்டு மூன்று மாதமாகப் புது ஆட்கள் ஃபோனில் என்னை "சொல்லுங்க சார்" என்கிறார்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் எரிச்சல் வந்தது. அப்புறம் திருத்துவதையே விட்டுவிட்டேன். ஹார்மோன் குறையும்போது குரல் நாண்களிலும் நீர் கோத்துத் தடிக்குமாம். கனத்த நாண் மெதுவாக அதிரும், குரல் இறங்கும். காலையில் முகம் உப்புவதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான்.

இன்று கூரியர்காரர் ஒருவர் வழி கேட்டுக் கூப்பிட்டார். பேசி முடித்து, "சரிங்க மேடம்" என்று வைத்தார். ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். அவர் எதையோ நினைத்துச் சொல்லியிருக்கலாம், அட்டையில் என் பெயர் இருந்ததே காரணமாக இருக்கலாம். இருந்தாலும் குறித்து வைக்கிறேன்.

பிப்ரவரி 27

ரத்தம் கொடுத்தாயிற்று. இன்று மட்டும் மாத்திரையை ரத்தம் எடுத்த பிறகு போட்டேன். போட்ட சில மணி நேரத்துக்கு ஃப்ரீ டி4 (ரத்தப் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கிற டி4) சற்றுத் தூக்கலாகக் காட்டும் என்பதால் எப்போதும் இப்படித்தான் செய்கிறேன்.

லேபில் இருந்த பெண் கெட்டிக்காரி. "அக்கா, முடிக்கு ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஊசியை எடுத்தாள். முடி, நகத்துக்கு என்று விற்கிற மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் எக்கச்சக்கமாக இருக்கும். சில வகைச் சோதனைக் கருவிகளை அது ஏமாற்றிவிடும். டிஎஸ்ஹெச்சைக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டி, மாத்திரை கூடிப்போனதுபோல் தோன்ற வைக்கும். குறைந்தது ரெண்டு நாள் முன்னாலேயே நிறுத்த வேண்டும். முடி கொட்டுகிற தைராய்டுக்காரர்கள்தானே அதை வாங்கிப் போடுகிறவர்கள்!

சாயங்காலம் ரிசல்ட்: டிஎஸ்ஹெச் 5.4.

மார்ச் 2

டாக்டரம்மா 88 எழுதிக் கொடுத்தார். நேராக 100 தரக் கூடாதா என்று கேட்டேன். "முழுக்க மாத்திரையை நம்பி இருக்கிறவங்களுக்கே ஒரு கிலோ எடைக்கு 1.6 மைக்ரோகிராம்தான் கணக்கு. உங்க சுரப்பி இன்னும் கொஞ்சம் கொடுத்துக்கிட்டு இருக்கு. அளவு மிஞ்சினா இதயத் துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். அவசரப்படாதீங்கம்மா" என்றார்.

மறுபடி ஆறு வாரமா என்று மலைப்பாக இருந்தது. வாதாட ஒன்றும் கிடைக்கவில்லை.

மார்ச் 19

ராத்திரி நெஞ்சு படபடத்தது. உடனே நாடி பிடித்துப் பார்த்தேன். 74, சீராகவே இருந்தது. அளவு மாற்றிய நாளிலிருந்து உடம்பு என்ன செய்தாலும் அதற்கு மாத்திரையிடம் காரணம் கேட்கிற பழக்கம் வந்துவிட்டது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தைராய்டு. எரிந்து விழுந்தேனா, தைராய்டு. அன்று சாயங்காலம் வீட்டில் நடந்த சண்டைக்கும் படபடப்புக்கும் சம்பந்தம் இருக்காதா என்ன?

படபடப்பு தொடர்ந்தாலோ கை நடுங்கினாலோ உடனே வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. தொடரவில்லை.

ஏப்ரல் 6

தூக்கம் வராமல் பழைய மருத்துவக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். 1891-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர், தைராய்டு குறைபாட்டால் முகமெல்லாம் வீங்கி முடங்கியிருந்த 46 வயதுப் பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் தேறி, 74 வயது வரை வாழ்ந்து 1919-இல் இறந்தார். அத்தனை வருடத்தில் அவருக்காக 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பி தேவைப்பட்டது. அவருக்கு டிஎஸ்ஹெச் சோதனையும் கிடையாது, மைக்ரோகிராமும் கிடையாது. முகத்தையும் நடையையும் பேச்சையும் பார்த்தே அளவைத் தீர்மானித்திருப்பார்கள். அவர் பெயரைத் தேடினேன், நான் படித்த எதிலும் இல்லை. டாக்டர் பெயர் மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஏப்ரல் 27

2.1!

டாக்டரம்மா என்னை நாற்காலியில் மண்டியிட வைத்துக் குதிகாலுக்கு மேலே சின்ன சுத்தியலால் தட்டினார். ஜனவரியில் தட்டியபோது பாதம் சட்டென்று துள்ளியது, ஆனால் திரும்பி வரும்போது சோம்பேறித்தனமாக, நழுவுகிறாற்போல் இறங்கியது. அதை நானே பார்த்தேன். இன்று துள்ளிய வேகத்திலேயே திரும்பிவிட்டது. தைராய்டு குறைந்தால் தசை தளர்வதும் தாமதமாகுமாம். இத்தனை மாதத்தில் கண்ணால் பார்க்கக் கிடைத்த ஒரே ஆதாரம் என்பதால் இன்னொரு தரம் தட்டச் சொன்னேன். சிரித்துக்கொண்டே தட்டினார்.

கெட்ட கொழுப்பும் இறங்கியிருக்கிறது. அதற்கென்று தனியாக எதுவும் சாப்பிடவில்லை.

மே 4

எண் சரியாகி ஒரு வாரம் ஆகிறது. ஸ்வெட்டர் பெட்டிக்குள் போய்விட்டது, இமை உப்புவதில்லை, "சார்" அநேகமாக நின்றுவிட்டது. முடி இன்னும் கொட்டுகிறது. முடிக்கு அதன் சொந்தச் சுழற்சி உண்டு, நின்று திரும்ப முளைக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால் அதை இப்போதைக்கு விட்டுவிட்டேன்.

மதியம் மூன்று மணி மட்டும் அப்படியேதான். எண்ணைக் காட்டி "நார்மல்தானே" என்று அனுப்பிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே போய்ச் சொன்னேன். அனுப்பவில்லை. "எல்லாத்தையும் தைராய்டு தலையில போட வேண்டாம்" என்று ஃபெரிட்டின் (உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி மூன்றுக்கும் சோதனை எழுதிக் கொடுத்தார் டாக்டரம்மா.

மே 9

ஃபெரிட்டின் 11. இரும்பு இருப்பு ஏறக்குறையக் காலி. தைராய்டு குறைந்திருந்த மாதங்களில் மாதவிலக்கில் அதிகம் போனது இப்போது வேறுவிதமாகக் கணக்குக்கு வருகிறது. மற்ற ரெண்டும் பரவாயில்லை.

இரும்பு மாத்திரை தொடங்கியாயிற்று. அது லெவோதைராக்ஸினைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ரெண்டுக்கும் நடுவே குறைந்தது நாலு மணி நேரம். காபிக்கும் இரும்புக்கும் ஆகாது, காபிக்கும் தைராய்டு மாத்திரைக்கும் ஆகாது. கடைசியில் தைராய்டு விடிந்ததும், ஒரு மணி நேரம் கழித்துக் காபி, இரும்பு ராத்திரி படுக்கப்போகும்முன் என்று முடிவானது.

"நார்மல் வந்துடுச்சே, இன்னும் எதுக்கும்மா அந்த மாத்திரை?" என்றார் அத்தை. மாத்திரை போடுவதால்தான் அத்தை நார்மல் என்றேன். நம்பின மாதிரித் தெரியவில்லை.

இரும்பு சேர்ந்ததால் உறிஞ்சல் குறைகிறதா என்று பார்க்க ஜூன் கடைசியில் மறுபடி டிஎஸ்ஹெச்.