சாப்பிடுகிறான் என்பது போதாது

எங்கள் நாய் கொக்கு நோயில் கிடந்த காலத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "சாப்பிடுகிறானா?" ஆமாம் என்று சொன்னதும் அவர்கள் முகம் தெளிந்துவிடும். "அப்புறம் என்ன, இன்னும் நாள் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடிப்பார்கள். அன்போடுதான் கேட்டார்கள். ஆனால் அந்தக் கேள்வி போதாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கடைசி நாள் காலையிலும் கொக்கு தட்டை நக்கித் துடைத்தான்.

கொக்கு ராஜபாளையம் இனம். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊர்க்காரன். முழு வெள்ளை, நீண்ட கால்கள், ரோஜா நிற மூக்கு. வயலில் அவன் நிற்கும் தோரணையைப் பார்த்து மகள் வைத்த பெயர் அது. இந்த இனத்தில் சில குட்டிகள் காது கேளாமல் பிறக்கும், இவனும் அப்படித்தான். தரையைக் காலால் தட்டினால் திரும்பிப் பார்ப்பான். கையசைவில் எல்லாம் புரியும். தூங்கும்போது யாராவது ஒருவர் மேல் உடம்பு பட்டிருக்க வேண்டும். பெரும்பாலும் என் பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொள்வான். நாங்கள் எழுந்து போனால் அவனுக்குத் தெரிய வேறு வழி கிடையாது.

ஒன்பது வயதில் வலது முன்னங்காலை நொண்ட ஆரம்பித்தான். சுளுக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஓய்வு கொடுத்தும் குறையவில்லை. மணிக்கட்டுக்குச் சற்று மேலே கடினமான ஒரு வீக்கம் எழும்பியது. எக்ஸ்ரேயில் அந்த இடத்து எலும்பு கரையான் அரித்த மரம் போலத் தெரிந்தது. ஆஸ்டியோசர்கோமா என்றார் டாக்டர். நாய்களுக்கு எலும்பில் தோன்றும் புற்றுநோய்களில் இதுதான் அதிகம். உயரமான, பெரிய இனங்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். முன்னங்காலில் அந்த இடம் இதற்கு வழக்கமான இடம். திசுப் பரிசோதனையும் அதையே உறுதி செய்தது.

மார்பை எக்ஸ்ரே எடுத்தபோது நுரையீரலில் ஏற்கெனவே சில புள்ளிகள் தெரிந்தன. நோய் அங்கும் பரவிவிட்டது. அதோடு எங்கள் வழி தெளிவாகிவிட்டது. நுரையீரலில் எதுவும் தெரியாத நிலையில் இருந்திருந்தால் காலை எடுக்கச் சொல்லியிருப்பார்கள், நாங்களும் தயங்கியிருக்க மாட்டோம். பெரும்பாலான நாய்கள் மூன்று காலில் நன்றாகவே ஓடுகின்றன. வலிக்கும் எலும்பே போய்விடுவதால் வலியும் போய்விடுகிறது. அதோடு கீமோவும் கொடுத்தால் ஏறக்குறைய பாதி நாய்கள் பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் வரை இருக்கின்றன. உங்கள் நாய்க்கு அந்த வாய்ப்பு இருந்தால், "பாவம், காலை வெட்டுவதா" என்று யாராவது சொல்வதைக் கேட்டு மனத்தை மாற்றிக்கொள்ளாதீர்கள். எங்களுக்கு அது இல்லை. இருக்கும் நாளை வலியில்லாமல் வைத்திருப்பது ஒன்றே எங்கள் வேலை.

வலிக்கு மருந்து என்பது வலி வந்தபிறகு கொடுப்பது அல்ல. டாக்டர் முதல் நாளே இதைச் சொல்லி, அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே வலி தலைதூக்காதபடி மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்றார். காலையில் வயிற்றில் உணவு போனபிறகு வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மெலாக்சிகாம். ஆறு மணி, இரண்டு மணி, இரவு பத்து மணி என்று நரம்பு வலிக்கான காபாபென்டின். பிறகு இரத்தத்தில் சிறுநீரகக் கணக்கைப் பார்த்துவிட்டு, எலும்பு மெலிவு நோய் உள்ளவர்களுக்குப் போடும் ஜோலெட்ரோனிக் அமிலத்தை டிரிப்ஸில் ஏற்றினார்கள். எலும்பை அரிக்கும் செல்களை அது அடக்கிவைக்கும். அதற்குப் பிறகு சில வாரங்கள் கொக்கு காலை ஊன்றி நடந்தான். தோப்பு வரை என்னோடு வந்தான். அந்த வாரங்களுக்காக அந்த மருந்துக்கு நான் என்றும் நன்றி சொல்வேன்.

மலத்தின் நிறத்தைத் தினமும் பார்க்கச் சொன்னார்கள். தார் போலக் கறுத்தால் வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று பொருள். மெலாக்சிகாமை உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் தனக்கு மூட்டு வலிக்கு எழுதிக் கொடுத்த டைக்ளோஃபெனாக்கை ஒரு அட்டை கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கி வைத்துவிட்டு, கொக்குக்குக் கொடுக்க முடியாது என்று விளக்கினேன். டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் இரண்டும் நாயின் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். (டைக்ளோஃபெனாக் போட்ட மாடுகளின் சடலங்களைத் தின்றுதான் நம் நாட்டில் பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன, கால்நடைகளுக்கு அதை 2006இல் தடை செய்தார்கள்.) இன்னொன்று: மனிதர்களுக்கான காபாபென்டின் திரவ மருந்தில் சைலிடால் என்ற இனிப்பு கலந்திருக்கலாம். அது நாய்க்கு நஞ்சு. நாங்கள் காப்ஸ்யூல் மட்டும்தான் கொடுத்தோம்.

மாத்திரையை எதில் வைத்துக் கொடுப்பது என்பதற்கு எங்கள் ஊரில் யோசிக்கவே வேண்டாம். சுண்டைக்காய் அளவு பால்கோவா. நடுவில் காப்ஸ்யூலை அழுத்தி உருட்டிக் கொடுத்தால் மெல்லாமல் விழுங்குவான். பத்து மணி மாத்திரைக்கு ஒன்பதே முக்காலுக்கே ஃபிரிட்ஜ் பக்கம் வந்து நின்றுவிடுவான்.

வீட்டையும் மாற்றினோம். வழுக்கும் டைல்ஸ் மேல் சாக்கும் தேங்காய் நார் மிதியடியும் போட்டோம். தட்டை முக்காலி மேல் வைத்தோம், குனியும்போது உடம்பின் பாரம் முன்னங்காலில் இறங்காமல் இருக்க. திண்ணைக்கு முன்னால் பலகையை அடைத்தோம். அரித்த எலும்பு ஒரே குதிப்பில் முறிந்துவிடலாம். அந்த வலிக்கு மாத்திரை போதாது.

அமெரிக்காவின் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ், நோயுற்ற விலங்கின் நாட்கள் நலமாகப் போகின்றனவா என்று பார்க்க வகுத்த ஓர் அளவுகோல் இருக்கிறது. வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் நிலைமை நன்றாக இருந்தால் கூடுதலாக, பத்துக்கு எவ்வளவு என்று போட்டு, கூட்டினால் 35க்கு மேல் இருக்க வேண்டும். பழைய டைரி ஒன்றில் தினமும் எழுதினேன். பசிக்கு எப்போதும் பத்துக்குப் பத்து. அந்தப் பத்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது.

நாய் பெரும்பாலும் வலிக்கிறது என்று கத்துவதில்லை. கொக்கு ஒரு நாளும் முனகவில்லை. இரவில்தான் அவனைப் பார்க்க வேண்டியிருந்தது. விசிறி சுழலும் அறையில், வெக்கையே இல்லாத இரவில் மூச்சிரைப்பான். படுப்பதற்காக முழங்கை வரை மடக்கி, பாதியில் நிறுத்தி மறுபடி எழுந்துவிடுவான். நல்ல காலின் தசை நின்றபடியே நடுங்கும். வீங்கிய இடத்தை முடி உதிரும்வரை நக்கினான். பிறகு என் பாதத்தை விட்டு விலகி, சுவரோரம் தனியாகப் படுக்கத் தொடங்கினான். யார் காலாவது தெரியாமல் பட்டுவிடுமோ என்ற பயம். காது கேளாத அவன், நாங்கள் இருக்கிறோம் என்பதை அறியும் ஒரே வழியையே விட்டுக்கொடுத்துவிட்டான் என்றால் அந்த வலி எவ்வளவு என்பது எனக்கு விளங்கியது. மருந்தைக் கூட்டிப் பார்த்தார்கள். டிராமடால் என்ற இன்னொரு வலி மருந்தும் சேர்ந்தது. பகலெல்லாம் மயங்கிக் கிடந்தான், இரவில் நின்றான்.

என் மாமியார் ஒப்புக்கொள்ளவில்லை. "உயிரை எடுக்க நாம் யார்? அவன் கொடுத்தான், அவனே எடுத்துக்கொள்வான். அதுதான் சாப்பிடுகிறதே." நான் வாதாடவில்லை. எண்பது வயதில் அவருக்கு அந்த நம்பிக்கைதான் பிடிமானம். ஓர் இரவு தூக்கம் வராமல் கூடத்துக்கு வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கொக்கு சுவரில் தலையை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டிருந்தான். கண் சொருகும், கால் மடியும், திடுக்கிட்டு நிமிர்வான். விடியும்வரை அத்தை அங்கேயே இருந்தார். காலையில் நான் காபி கொடுத்தபோது, "அந்த டாக்டரை வரச் சொல், தாயி" என்றார்.

டாக்டர் மாலையில் வீட்டுக்கே வந்தார். என்ன நடக்கும் என்பதை முன்பே ஒவ்வொன்றாகச் சொன்னார். அது பெரிய உதவி. முதலில் தசையில் ஒரு மயக்க ஊசி. பதினைந்து நிமிடத்தில் கொக்கு படுத்தான். காலை நீட்டி, பக்கவாட்டில், நெடுநாளைக்குப் பிறகு. அப்போது என் பாதத்தை அவன் தாடைக்குக் கீழே கொடுத்தேன். அவனுக்கு என் குரல் என்றுமே எட்டியதில்லை. என் தோல் எட்டும். பின்னங்கால் நரம்பில் தயோபென்டோனை அளவுக்கு அதிகமாக ஏற்றினார். அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் மயக்க மருந்துதான் அது. மூச்சு நின்றது, பிறகு இதயம். கண் மூடாது, ஓரிரு முறை உடல் விம்மலாம், சிறுநீர் பிரியலாம் என்று அவர் சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. ஸ்டெதஸ்கோப்பை நெடுநேரம் வைத்துப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அத்தை திருநீறு எடுத்துவந்து அவன் நெற்றியில் பூசினார்.

தோப்பில் கிணற்றுக்குத் தொலைவாக, ஆளுயரக் குழி வெட்டச் சொன்னார் டாக்டர். உடலில் மருந்து தங்கியிருக்கும். நரியோ நாயோ தோண்டித் தின்றால் அவற்றுக்கும் ஆபத்து. குழியைக் காலையிலேயே வெட்டிவைத்திருந்தோம். இதையெல்லாம் முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள்: எந்த நேரம், வீட்டிலா மருத்துவமனையிலா, யார் பக்கத்தில் இருப்பது, எங்கே புதைப்பது. அந்த நேரத்தில் கைகள் நாயின் மேல்தான் இருக்க வேண்டும்.

பிரிக்காத மாத்திரை அட்டைகளை மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். டைரியையும் கேட்டு வாங்கிக்கொண்டார். நொண்டும் நாயோடு வந்திருக்கும் இன்னொரு வீட்டாருக்கு, இரவைப் பார்த்து எழுதுவது எப்படி என்று காட்ட வேண்டும் என்றார்.